மாட வீதியில் நம் பெட்டி வண்டி

அக்கா,

பௌர்ணமியன்று காலையில் நான் முதலில் கவனித்தது பூக்கடை அண்ணனின் முக்காலியைத்தான். அது சாலையிலேயே கிடந்தது.

நினைவிருக்கிறதா? அவர் எப்போதும் கடைக்கு வெளியே, பாதி சாலையை மறித்து முக்காலி போட்டுக்கொண்டுதான் பூக் கட்டுவார். தெரு முனையில் உன் குரல் கேட்டால் போதும், எழுந்து முக்காலியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, "கலெக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பார். நீ விடமாட்டாய். "வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து நேரா உன்னப் பாக்கத்தான் வரேன். உன் கடைய இடிக்கச் சொல்லி ஆர்டரு" என்பாய். நாம் கடந்ததும் முக்காலி மறுபடி சாலைக்கு வந்துவிடும்.

அன்று அவர் குனிந்து சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் சக்கரம் முக்காலியின் காலைத் தொடும் அளவுக்குப் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. நம் வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே. மிதித்தாலும் சத்தமில்லை, பேட்டரியில் ஓடினாலும் சத்தமில்லை. நான் மெல்ல இருமினேன். அவர் நூலைப் பல்லால் கடித்தார். கடைசியில் பக்கத்து வளையல் கடை அக்காதான், "யோவ், உன் மூஞ்சிக்கு நேரா வண்டி நிக்குது பாரு" என்று சொன்னாள்.

அண்ணன் துள்ளி எழுந்தார். "ஏம்மா, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா? பூனை மாதிரி வந்து நிக்கிற" என்று திட்ட ஆரம்பித்தவர், ஓட்டுகிற சீட்டில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சீட்டில் வேறு ஆளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு முழம் மல்லியைக் கிள்ளி ஹேண்டில்பாரில் சுற்றிவிட்டு, "போம்மா, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

மற்ற நாளாக இருந்தால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அன்று அப்படி விட முடியவில்லை. ஒரே ஒரு முக்காலியைத் தாண்டவே இவ்வளவு நேரம் என்றால், இன்னும் சற்று நேரத்தில் மலை சுற்ற வந்து நான்கு மாட வீதியிலும் நிறையப் போகும் ஜனத்தை எப்படித் தாண்டுவது? அதைத் தாண்டினால்தான் வண்டி எனக்கு என்று குடோன் ஓனர் சொல்லியிருந்தார். அந்தக் கதையைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது.

கடைகளுக்குச் சாமான் அனுப்பும் அவலூர்பேட்டை ரோட்டு குடோனில் நான் பாக்கு மட்டைத் தட்டைக் கட்டுக் கட்டி வைக்கும் வேலையில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பா முதுகு பிடித்துப் படுத்திருந்ததால் வீட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் பேர் கூப்பிடும்போது நான் சொல்லும் "உள்ளேன் டீச்சர்" யாருக்கும் கேட்காது. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் போடுவார்கள். இதைச் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்ப நீ ஸ்கூலுக்கே போவாதவடி. சர்க்காரு கணக்குல நீ வீட்டுலதான் இருந்திருக்க" என்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுவரை அது அழுகை வருகிற விஷயமாகத்தான் இருந்தது.

ஓனரின் மினி வேன் மாட வீதிக்குள் போனால் பாதி நாள் அங்கேயே நிற்கும். எதிரில் ஆட்டோ, பின்னால் மாடு, பக்கத்தில் வெளியூர் கார். பௌர்ணமியன்று உள்ளே விடவே மாட்டார்கள். அதனால்தான் அவர் இந்த மூன்று சக்கர வண்டியை வாங்கினார். முன்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் பெரிய பெட்டி, பின்னால் சீட்டும் பெடலும், மேட்டில் உதவ பேட்டரி. குடோனில் இருந்த ஆண்கள் யாரும் அதைத் தொடவில்லை. "ஐஸ் விக்கற வண்டி மாதிரி இருக்குது, பசங்க கிண்டல் பண்ணுவானுங்க" என்றார்கள். அப்போதுதான் நீ வந்தாய். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தவள், அந்த வேலை பிடிக்காமல், புடவை மேல் ஆம்பளைச் சட்டையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக வந்து நின்றாய்.

"ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார் ஓனர்.

"எங்க ஊரு அடி அண்ணாமலையில வந்து கேளுங்க. மாட்டு வண்டியே ஓட்டுனவ நான்."

மாட்டு வண்டியில் நீ உட்கார்ந்துகூடப் போனதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சைக்கிளில் திரும்புவதுபோல் உடம்பைச் சாய்த்தாய். பெட்டி வண்டி சாய்ந்தால் திரும்பாது, ஹேண்டிலை ஒடிக்க வேண்டும். அது நேராகப் போய் ரோட்டோரப் பூசணிக்காய்க் குவியலில் ஏறி நின்றது. நீ இறங்கி, கடைக்காரரைப் பார்த்து, "எவ்ளோ உறுதியான காய்ங்க! ஒண்ணுகூட உடையல பாருங்க" என்றாய். அவர் திட்ட மறந்து சிரித்துவிட்டார்.

ஓட்டக் கற்றுக்கொண்டாய். கடைகளைத்தான் உன்னால் நினைவில் வைக்க முடியவில்லை. இட்லிக் கடையில் கற்பூரத்தை இறக்கினாய், பூஜைச் சாமான் கடையில் பேப்பர் கப்பை இறக்கினாய். யாருக்கு என்ன போகிறது என்பது கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டு எனக்கு மனப்பாடம். அதனால் ஓனர் என்னை உன்னோடு அனுப்பினார். பின்னால் இருந்த கேரியரில் உட்கார்ந்து நான் உன் காதில் சொல்வேன். நீ ஊருக்குச் சொல்வாய்.

"அக்கா, டீக்கடை. தண்ணி கேனு."

"டீக்கடை அண்ணே! தண்ணி வந்துருச்சி! அடுப்புல இருக்கறத இறக்கி வச்சிட்டு வா!"

"அக்கா, முன்னால சாமியாரு."

"சாமீ! கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க சாமீ! மோட்சத்துக்கு இன்னும் டைமு இருக்குது!"

நான் வெட்கத்தில் உன் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வேன். வண்டியிலிருந்த மணியின் மூடியை யாரோ கழற்றிக்கொண்டு போனபோது வேறு மணி போடக்கூட நீ விடவில்லை. "எனக்கு எதுக்குடி மணி?" என்றாய்.

நம் முதல் பௌர்ணமியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெட்டியில் சாமான் ஏற்றியது நீ. முதலில் இறங்க வேண்டியதை அடியிலும் கடைசியில் இறங்க வேண்டியதை மேலேயும் அடுக்கிவிட்டாய். மேற்கே பே கோபுரத்துக் கிட்டே இட்லிக் கடை வந்தபோது தட்டுக் கட்டு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதைத் தோண்டி எடுப்பதற்குள் பின்னாலிருந்த ஜனம் நம்மை வண்டியோடு தள்ளிக்கொண்டு போய்விட்டது. இட்லிக் கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டே சின்னதாகிக்கொண்டு போனார்.

நீ வண்டியைத் திருப்பினாய். பௌர்ணமியன்று, மாட வீதியில், எதிர்த் திசையில்! அடி அண்ணாமலையில் பிறந்தவள் செய்கிற காரியமா அது? மலையைச் சுற்றுகிற கூட்டமும் கோயிலைச் சுற்றுகிற கூட்டமும் வலமாக வந்துகொண்டிருக்க, நடுவில் நாம் மட்டும் இடமாக. ஒரு பெரியவர் குடையை நீட்டி வண்டியை நிறுத்தினார்.

"ஏம்மா, அண்ணாமலையாருக்கே எதிரா சுத்தறியா? குடும்பம் விளங்குமா?"

"சுத்தலைங்க பெரியவரே. நாலு அடி பின்னால போறேன். இட்லி தட்டு குடுக்கணும்."

"தட்டாவது கிட்டாவது! திருப்பு வண்டிய!"

சுற்றியிருந்த எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ்கார அக்காவும் அவர்கள் பக்கம். வேறு வழியில்லாமல் கோயிலை முழுதாக இன்னொரு சுற்று சுற்றி வந்தோம். இட்லிக் கடையில் தட்டை இறக்கிவிட்டு நிம்மதியாகத் தேரடி வரை வந்து பார்த்தால், வடக்கு வீதிப் பூஜைக் கடைக்காரருக்கு வர வேண்டிய கற்பூர டப்பா இன்னும் பெட்டியில் இருந்தது. அந்தச் சந்தடியில் அவர் கடையையும் தாண்டி வந்திருந்தோம். மறுபடி ஒரு சுற்று. கால் இற்றுப்போய்த் தேரடியில் இறங்கியபோது நீ கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "வேண்டுதல்னு சொல்லிக்கலாம்டி. எவனும் கேக்க மாட்டான்" என்றாய். அடுத்த பௌர்ணமி முதல் அடுக்குவது என் வேலை ஆயிற்று.

அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். மழைக் காலத்தில் நீ காய்ச்சல் என்று படுத்தாய். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம், "நான் போனா அந்த ஆதார் கார்டு போட்டோவ மட்டும் போட்டுறாதீங்கடி, கோழித் திருடி மாதிரி இருக்கேன்" என்பாயே. அந்தப் படத்தைத்தான் போட்டார்கள், அக்கா. என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தேரடியில் ஒட்டியிருந்த அந்தப் போஸ்டரின் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தவள், உன் முறைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சில நாள் வண்டி குடோன் மூலையில் நின்றது. அதன் மேல் தட்டுக் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் யாரும் வருவதற்கு முன்னால் போய்க் கட்டுகளை எல்லாம் எடுத்துக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் துடைத்தேன். ஓனர் வந்து பார்த்தார்.

"இன்னா, ஓட்டப் போறியா?"

தலையாட்டினேன்.

"உனக்கு வாயே இல்லையேம்மா. சும்மா நாள்ல ஓட்டிருவ. பௌர்ணமியில இன்னா பண்ணுவ?"

நான் துடைத்த துணியை மடித்துப் பெட்டி மேல் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். "வர்ற பௌர்ணமி ஒரு சுத்து தனியா முடிச்சிக் காட்டு. முடிச்சா வண்டி உனக்கு. இல்லைனா செங்கத்துல என் மச்சான் சும்மாதான் இருக்கான், அவன வச்சிக்கறேன். நீ பழையபடி உள்ள உக்காந்து தட்டு கட்டு" என்றார்.

அம்மாவுக்கு நான் உள்ளே உட்கார்வதுதான் பிடிக்கும். நிழல், மின்விசிறி, வெளி ஆட்கள் கிடையாது. ஒரு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் எனக்கும் அதுதான் பிடித்திருக்கும். இப்போது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை. காலையில் தேரடியில் திரும்பும்போது மலை மொத்தமாகக் கண்ணில் விழுமே, அதை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

என் குரலுக்குப் பதிலாக ஏதாவது வேண்டும் என்று, அமுக்கினால் பாம் பாம் என்கிற ரப்பர் ஹாரன் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். சின்னக்கடைத் தெருவில் ஒரு தடவை அமுக்கியதும் வீட்டுக்கு வீடு குழந்தைகள் ஓடி வந்தன. ஒரு பையன் சில்லறையை நீட்டி, "அக்கா, ஒரு சேமியா ஐஸு" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். "கப் ஐஸு?" என்றான். பெட்டியைத் திறந்து தட்டுக் கட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். ஒருத்தி அழுதே விட்டாள். அன்றே ஹாரனைக் கழற்றிவிட்டேன். மணி போட்டும் பயனில்லை. பௌர்ணமியன்று அந்த வீதியில் சங்கு ஊதுகிறார்கள், சேகண்டி அடிக்கிறார்கள், ஒலிபெருக்கியில் பாட்டு. சைக்கிள் மணிக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆக, முக்காலியைத் தாண்டி, ஒன்றும் கையில் இல்லாமல்தான் தெற்கு வீதிக்குள் நுழைந்தேன். தடுப்புக் கட்டையில் நின்ற போலீஸ்கார அக்கா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒரு சுத்துதானா, மூணு சுத்தா?" என்று கேட்டாள். மறக்கவே இல்லை அவள்.

திருமஞ்சன கோபுரத்துக்குச் சற்று முன்னால் கூட்டம் இறுகியது. நின்றேன். நின்றதுதான் தப்பு. நிற்கிற வண்டியைப் பார்த்ததும் ஜனத்துக்கு அது மேசையாகிவிட்டது. ஒருவர் சாய்ந்தார். ஒருவர் தன் பையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டினார். ஒரு அப்பா தூங்கிப்போன குழந்தையைத் தூக்கிப் பெட்டி மேல் படுக்க வைத்தார். அவ்வளவு பேரிடமும் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குள் வரிசையாக நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. வெயில் ஏற ஏறக் கூட்டம் இன்னும் கூடும். டீக்கடையில் தண்ணீர் தீர்ந்திருக்கும், இட்லிக் கடையில் தட்டு தீர்ந்திருக்கும். வண்டி செங்கத்து மச்சானுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போது பக்கத்தில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் கூட்டம் ஒன்று. எல்லாரும் மஞ்சள் புடவை, கையில் ஒயர் கூடை. அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு தாட்டியான அம்மா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம் புள்ள, வழி வேணுமா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான?"

நான் தொண்டையைத் தொட்டுக்கொண்டு, முடியவில்லை என்று கையை ஆட்டினேன். வெட்கத்தில் எனக்கு வருகிற ஜாடை அது. நீ பார்த்திருக்கிறாய். அந்த அம்மாவின் முகம் சட்டென்று மாறிப்போனது. பின்னால் திரும்பி, "அடியே, பாவம்டி, வாய் பேச முடியாத புள்ள! எப்பிடி வண்டி ஓட்டி வேல செய்யுது பாரு!" என்றாள்.

இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் வண்டிக்கு முன்னால் போய்விட்டார்கள்.

"ஒதுங்குங்க! வாய் பேச முடியாத புள்ள வருது!"

"யோவ் மஞ்சப் பையி! பையை எடுய்யா! குழந்தைய யாரு படுக்க வச்சது, இது என்ன தூளியா?"

சாய்ந்தவர் நிமிர்ந்தார். குழந்தை அப்பாவின் தோளுக்குப் போனது. ஜனம் இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் என் கையில் வாழைப்பழம் திணித்தார். ஒரு பாட்டி என் நெற்றியில் திருநீறு பூசி, "அண்ணாமலையான் உனக்குப் பேச்சு குடுப்பான்" என்று சொன்னாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அக்கா, நீ எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்தால் கீழே விழுந்து புரண்டிருப்பாய்.

டீக்கடை வந்தது. பெண்கள் கேனை இறக்கக்கூட விடவில்லை, அவர்களே தூக்கினார்கள். டீக்கடை அண்ணன் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, இன்னிக்கு பட்டாளத்தோட வந்திருக்க?"

"வாய் பேச முடியாத புள்ளைய இப்பிடிக் கூட்டத்துல தனியா அனுப்பறீங்களே, மனசாட்சி இருக்குதா?" என்று அந்த அம்மா அவர் மேல் பாய்ந்தாள்.

"யாரு? இதுவா?" அண்ணன் டம்ளரை வைத்துவிட்டார். "நல்லாப் பேசுமே! சத்தம்தான் கம்மி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மஞ்சள் புடவை அத்தனையும். இனித் தப்பிக்க வழியில்லை.

"பேசுவேங்க" என்றேன்.

"என்னது?"

"பேசுவேங்க. நான் சொல்றதுக்குள்ள நீங்க கத்த ஆரம்பிச்சிட்டீங்க."

பிறகு அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும். ஒருத்தி ஒயர் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "திருட்டுப் புள்ள! எம்மாம் பேருக்கு நான் சொல்லிட்டேன்! அந்தக் கெழவி வேற திருநீறு பூசிச்சே, இந்நேரம் உனக்கு வேண்டிக்கிட்டு இருக்கும்டி!"

"பலிச்சிருச்சின்னு சொல்லிடலாங்க" என்றேன். எனக்கே ஆச்சரியம், அக்கா. அது நீ சொல்கிற மாதிரி ஒரு பேச்சு. என் வாயிலிருந்து வந்தது.

அவர்கள் டீ வாங்கித் தந்தார்கள். குடித்து முடித்ததும் அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டாள். "சரி, நாங்களும் இந்தப் பக்கந்தான் சுத்தப் போறோம். ஆனா இனி நாங்களாக் கத்த மாட்டோம். நீ சொல்லு, நாங்க வாங்கிச் சொல்றோம். மலை சுத்தறப்ப ஒருத்தர் சொன்னா மத்தவங்க அரோகரா சொல்றமில்ல, அது மாதிரி."

அப்படித்தான் போனோம். நான் சீட்டில் உட்கார்ந்து, எனக்கு வருகிற அளவு சத்தத்தில், "வழி விடுங்க" என்பேன். முன்னால் போகிற மஞ்சள் புடவைகள் எல்லாம் சேர்ந்து, "வழி விடுங்க!" என்று வீதி அதிரச் சொல்வார்கள். "இட்லி தட்டு வருதுங்க" என்பேன். "இட்லி தட்டு வருது!" என்று முழங்கும். கொஞ்ச தூரத்தில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். எதற்கு என்று தெரியாமலே ஒரு ஆள் எங்களுக்குப் பின்னால், "அரோகரா" என்று முடித்து வைத்தார். பே கோபுரத்து மேட்டில் பேட்டரி திணறியபோது நான் கேட்காமலே பெட்டியைப் பிடித்துத் தள்ளினார்கள். இட்லிக் கடைக்காரர் நாங்கள் வருவதை வெகு தூரத்திலிருந்தே கேட்டு, நடு வீதிக்கே வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

வடக்கு வீதியில் கற்பூரமும் இறங்கியது. ஒரே சுற்று. ஒரு கடையும் விடவில்லை. தேரடியில் அவர்கள் பிரிந்து மலை சுற்றப் போனார்கள். அந்த அம்மாவின் பேரைக் கேட்க நினைத்தேன். கூட்டம் கொண்டுபோய்விட்டது.

மறுநாள், அதாவது இன்று காலை, சந்தோஷமாகக் குடோனுக்குப் போனேன். உள்ளே செங்கத்து மச்சான் உட்கார்ந்திருந்தார். ஓனர் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்ட, சரி. ஆனா தனியா முடிக்கலையாமே. ஊரே சேந்து கத்துச்சாம். டீக்கடைக்காரன் போன் பண்ணிச் சிரிக்கிறான். நான் இன்னா சொன்னேன்? தனியானுதான சொன்னேன்?"

அவர் சொன்னது சரிதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வழக்கமாக அத்தோடு முடிந்திருக்கும். என் மூலைக்குப் போய்த் தட்டுக் கட்ட உட்கார்ந்திருப்பேன். மச்சான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும், அடக்கி வைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்காவும் தனியா ஓட்டலைங்க."

"இன்னா?"

"எந்தக் கடைக்கு இன்னா சாமான்னு நான் சொல்லுவேன், அவங்க கத்துவாங்க. ரெண்டு பேரு வேலைங்க அது. என் வேலைய நான் நேத்தும் செஞ்சேன். கத்தறதுக்கு ஆளு வேணும்னா ரோட்டுல இருக்காங்க. ஆளு இல்லாத பௌர்ணமி இந்த ஊர்ல இருக்குதுங்களா?"

அவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சாவி சுழல்வது நின்றது. மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாமா, அந்தப் பொண்ணு சொல்றது நியாயமாத்தான் இருக்குது. எனக்கும் வெயிலு ஜாஸ்தி ஆவாது. உள்ள ஃபேன் இருக்குதே, நான் வேணா தட்டு கட்டட்டா?"

ஓனர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவியை என் பக்கம் மேசை மேல் தள்ளிவிட்டு, "பேசத் தெரிஞ்சிருச்சி, இனிமே சம்பளம்லாம் கேப்ப" என்று முனகிக்கொண்டே போனைக் காதில் வைத்துக்கொண்டார். அவர் உதடு சிரித்ததை நான் பார்த்தேன்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது குரல் என்று ஊரில் சொல்வார்கள் போலிருக்கிறது. குரல் எனக்கு வரவே வராது, அக்கா. திட்ட வருகிறவரைச் சிரிக்க வைத்துவிட்டுத் தாண்டிப் போவாயே, அதில் கொஞ்சம் என்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு டீக்கடையில் ஒரே ஒரு வாக்கியம் அளவுக்கு. அது போதும், வைத்துக்கொள்கிறேன்.

சாமானை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பௌர்ணமிக்கு மறுநாள் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. எல்லாரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். வீதியில் வாழைப்பழத் தோலும் தேங்காய் நாரும்தான். பெருக்குகிறவர்கள் இன்னும் வரவில்லை. தேரடித் திருப்பத்தில், சரியாக நடு வீதியில், ஒரு மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்தேன். சுற்றிப் பார்த்தேன். எனக்காகக் கத்த ஒரு ஆள் இல்லை.

"ஒதுங்கும்மா" என்றேன்.

மாடு காதை மட்டும் ஆட்டியது. நான் சீட்டிலிருந்து எழுந்து பெடல் மேல் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.